முத்திரை போட்ட காப்பித்தூள் வாங்கினால் மலையில் விளைவிக்கிறவருக்கு எவ்வளவு போகும்?

கேள்வி, 2 பிப்ரவரி 2025

சென்னையில் ஒரு பெரிய கடையில் ஃபேர் ட்ரேட் என்கிற நியாய வணிக முத்திரை போட்ட காப்பித்தூள் கால் கிலோ பாக்கெட் வாங்கினேன். பக்கத்தில் இருந்த சாதாரண பாக்கெட்டை விட நல்ல விலை கூட. நான் கூடக் கொடுத்த காசில் விவசாயி கைக்கு எவ்வளவு போகும்? ஒன்றும் போகாது, எல்லாம் விளம்பரம் என்கிறான் என் தம்பி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி 2025, காலை

ஒன்றும் போகாது என்று உங்கள் தம்பி சொல்வது தப்பு. ஆனால் கூடக் கொடுத்த காசு அப்படியே மலையேறிவிடும் என்று நினைத்து வாங்கியிருந்தால், அதுவும் நடக்காது.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன், பதினோரு வருஷமாக. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம். மச்சானுக்கு இரண்டு ஏக்கர் காப்பி, நிழல் மரங்களில் மிளகுக்கொடி, இடையில் கொஞ்சம் மலைவாழை. என் கடைக்கு வரும் கொட்டையில் பாதி அங்கே விளைந்தது. விளைகிற இடத்து விலையும் தெரியும், விற்கிற இடத்து விலையும் தெரியும்.

முத்திரைக்காரர்கள் இரண்டு விஷயத்துக்குப் பொறுப்பேற்கிறார்கள். ஒன்று, சந்தை எவ்வளவு விழுந்தாலும் ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே வாங்கக் கூடாது. பழத்தைக் கழுவிப் பதப்படுத்திய அரபிகா ரகக் காப்பிக்கு 2023 ஆகஸ்டிலிருந்து அது பவுண்டுக்கு 1.80 டாலர், அதற்கு முன் 2011லிருந்து 1.40. இதைத் தரைவிலை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, விலைக்கு மேல் தனியாக 20 சென்ட் கூடுதல் தொகை. சந்தை தரைவிலையைத் தாண்டிப் போனால் சந்தை விலை, அதோடு அந்த 20 சென்ட்.

மச்சான் தோட்டத்தில் வருஷத்துக்கு ஓடு நீக்கிய சுத்தக் கொட்டை 350 கிலோ தேறும். கிலோவுக்கு 20 சென்ட் என்றால் 17 ரூபாய் சொச்சம். மொத்தம் 6,000 ரூபாய். வருஷம் முழுக்க உழைக்கிற குடும்பத்துக்கு 6,000 ரூபாய்.

3 பிப்ரவரி 2025, இரவு

காலையில் போட்ட கணக்கு தப்பு. 20 சென்ட் பவுண்டுக்கு. அவசரத்தில் கிலோவுக்கு என்று போட்டுவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஒரு கிலோ 2.2 பவுண்டு. ஆகவே கிலோவுக்கு 44 சென்ட், இன்றைய டாலர் விலையில் சுமார் 38 ரூபாய். 350 கிலோவுக்கு 13,300 ரூபாய். மலையில் யாரும் சுத்தக் கொட்டையாக விற்பதில்லை. பழத்தோலை உரித்து, ஊறவைத்து, கழுவி, மேலே மெல்லிய ஓடு இருக்கும்படி காயவைத்து, 50 கிலோ மூட்டையாகப் போடுவார்கள். பார்ச்மென்ட் என்பது அதைத்தான். ஒரு மூட்டை பார்ச்மென்ட்டில் 40 கிலோ சுத்தக் கொட்டை கிடைக்கும். ஆக மூட்டைக்கு 1,500 ரூபாய் என்று நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

5 பிப்ரவரி 2025

"அந்த 13,300 மச்சான் கைக்கு வருமா" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வராது. இந்த முத்திரை தனி விவசாயிக்குக் கிடைக்காது. சிறு விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்குத்தான். கூடுதல் தொகை சங்கத்தின் கணக்கில் விழும். அதை எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் பொதுக்குழுவில் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். காப்பிக்கு மட்டும் அந்த 20 சென்ட்டில் 5 சென்ட்டாவது விளைச்சலுக்கும் தரத்துக்கும் செலவாக வேண்டும் என்று விதி: காயவைக்கும் களம், தோல் உரிக்கும் எந்திரம், நாற்று, அப்படி. மீதியில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம், ஆளுக்குக் கொஞ்சம் பிரித்தும் எடுத்துக்கொள்ளலாம்.

தரைவிலையும் அப்படித்தான். 1.80 டாலர் என்பது கப்பலேறும் இடத்து விலை. ஓடு நீக்குவது, தரம் பிரிப்பது, சாக்கு, லாரி, சங்கத்தின் எழுத்தர் சம்பளம், தணிக்கைக் கட்டணம் எல்லாம் அதிலிருந்து போகும். தணிக்கைக் கட்டணம் யூரோவில். நூறு பேர் சேர்ந்த சங்கம் அதைத் தாங்கும். பத்துப் பேர் சங்கத்துக்கு அது மூச்சு முட்டும்.

6 பிப்ரவரி 2025

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு. மெக்சிகோவின் ஓஹாகா மலையில் சிறு காப்பி விவசாயிகள் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் ஃப்ரான்ஸ் வான் டெர் ஹாஃப், தன் நாட்டுக்காரரான நிக்கோ ரோஸனோடு சேர்ந்து 1988ல் நெதர்லாந்தில் முதல் முத்திரையைக் கொண்டுவந்தார். பிச்சை வேண்டாம், விலை கொடுங்கள் என்பதுதான் அந்த விவசாயிகளின் பேச்சு.

அடுத்த வருஷமே அதன் அவசியம் உலகத்துக்குத் தெரிந்தது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்திருந்த சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் 1989 ஜூலையில் முறிந்தது. விலை சடசடவென்று இறங்கியது. 2001ல் பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. மத்திய அமெரிக்காவில் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

நம் ஊரில் கதை வேறு. மச்சானின் அப்பா காலத்தில் விளைந்ததை அரசின் காப்பி வாரியத்திடம்தான் கொடுக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும், வருஷக்கணக்கில் இழுக்கும், ஆனால் வரும். 1992லிருந்து படிப்படியாகத் தளர்த்தி 1996ல் சந்தையை முழுதாகத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு மலைக்கு வியாபாரி வர ஆரம்பித்தார். "வாரியத்துக்குக் கொடுத்தப்ப பணத்துக்குக் காத்திருந்தோம், வியாபாரிக்குக் கொடுக்கிறப்ப பணம் நமக்காகக் காத்திருக்கு, அதுதான் பயமா இருக்கு" என்பார் பெரியவர். அவர் சொன்ன பயம் எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அதை அடுத்து எழுதுகிறேன்.

9 பிப்ரவரி 2025

பணம் காத்திருப்பது என்றால் முன்பணம்.

ஆடி, ஆவணியில் மலையில் கையில் காசு இருக்காது. மிளகு விற்றுத் தீர்ந்திருக்கும், காப்பி பச்சைக்காயாக நிற்கும். பள்ளிக் கட்டணம், உரம், நிழல்மரக் கிளை கழிக்கும் கூலி எல்லாம் அப்போதுதான் வரிசை கட்டும். வியாபாரி வீட்டுக்கே வந்து ஐம்பதாயிரம் கொடுப்பார். பத்திரம் கிடையாது, வட்டியும் கிடையாது. காப்பியை அவருக்குத்தான் போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

2019ல் நான் பறிப்புக்குப் போயிருந்தேன். நியூயார்க் சந்தையில் பவுண்டு ஒரு டாலருக்குக் கீழே கிடந்த வருஷம். மச்சான் வீட்டுக் களத்தில் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம். வியாபாரியின் ஆள் வந்தார். ஒரு மூட்டையில் கைவிட்டு நாலு கொட்டை எடுத்தார், விரலால் மேலோட்டை நசுக்கினார், ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார். "ஈரம் இருக்கு" என்றார். மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு. சாக்குக்கு ஒரு கிலோ தனி. அந்தச் சாக்கை அப்புறம் நான் தூக்கிப் பார்த்தேன், அரைக் கிலோ சொச்சம்தான் இருக்கும். மச்சான் பேசவில்லை. அக்கா மட்டும், "நேத்து முழுக்க வெயில்ல கிடந்துச்சேண்ணே" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டைக்குப் போனார். முன்பணம் வாங்கியவர் களத்தில் நின்று எடையைப் பற்றிப் பேச முடியாது.

இப்போது அந்தக் கழிவை இந்த வருஷ விலையில் போடுங்கள். பார்ச்மென்ட் மூட்டை 27,000 ரூபாய்க்குப் போகிறது. கிலோ 540. இரண்டு கிலோ கழிவு 1,080 ரூபாய், சாக்கில் போகும் அரைக் கிலோ 270. மூட்டைக்கு 1,350. முத்திரையின் கூடுதல் தொகை மூட்டைக்கு 1,500 என்று சொன்னேன் அல்லவா? ஜெர்மனியில் இருந்து தணிக்கை செய்து, பொதுக்குழு கூட்டி, சுற்றிச் சுற்றி வந்து சேருகிற தொகையும், பல்லால் கடித்து ஒரு நிமிஷத்தில் எடுத்துக்கொள்கிற தொகையும் கிட்டத்தட்ட ஒன்று. இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

10 பிப்ரவரி 2025

"இந்த வருஷ விலையில் போட்டால் அப்படித்தான் வரும், 2019 விலையில் போட்டுப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போட்டேன். அவர் சொல்வது சரி.

அந்த வருஷம் மச்சான் மூட்டையை ஏழாயிரம் சொச்சத்துக்குப் போட்டார். கிலோ 140. இரண்டரைக் கிலோ கழிவு 350 ரூபாய்தான். அதே வருஷம் முத்திரையின் கீழ் விற்றிருந்தால் தரைவிலை 1.40, சந்தை ஒரு டாலர். வித்தியாசம் 40 சென்ட், கூடுதல் தொகை 20. பவுண்டுக்கு 60 சென்ட். 350 கிலோவுக்கு அன்றைய டாலரில் 32,000 ரூபாய். சங்கச் செலவு கழித்தாலும் அது பெரிய தொகை. அக்கா அந்த வருஷம் காதுத் தோட்டை அடகு வைத்தாள். 32,000 வந்திருந்தால் வைத்திருக்க மாட்டாள்.

ஆகவே நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். விலை விழுந்த வருஷத்தில் தரைவிலை குடும்பத்தைக் காக்கும். விலை ஏறிய வருஷத்தில் தராசும் ஈரக் கணக்கும்தான் பெரிய விஷயம். இந்த வாரம் நியூயார்க்கில் பவுண்டு 4 டாலரைத் தாண்டி நிற்கிறது; பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததுதான் காரணம். 1.80 தரைவிலை இப்போது யார் கண்ணிலும் படாது.

10 பிப்ரவரி 2025, பின்னிரவு

முன்பணம் பற்றி எழுதியதும் எங்கள் கரைப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் தனியாக எழுதினார்கள். "நம்ம நண்டுக் கதைதானே இது" என்று. அதேதான். வலை வாங்க, எஞ்சின் பழுது பார்க்க நண்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய நாட்டுப்படகுக்காரர், நண்டை அவரிடம்தான் போட வேண்டும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் விசைப்படகு வீட்டுக்காரர்களுக்கு ஏறுகிற கடன் அடுத்த பத்து மாத மீனுக்கு விலை வைத்துவிடும். என் கடைக்கு எதிரே குந்தி இருந்து கடுங்காப்பி குடிக்கிற, கடல்பாசி எடுக்கும் அக்காமாரைக் கேட்டாலும் ஈரப்பாசிக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். மலையோ கடலோ, கடித்துப் பார்க்கிற பல் ஒன்றுதான்.

12 பிப்ரவரி 2025

ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். நியாய வணிக விதியில் முன்பணத்துக்கும் இடம் இருக்கிறது. காப்பிச் சங்கம் கேட்டால், வாங்குபவர் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து தர வேண்டும். முத்திரையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தரைவிலையைப் பிடித்துக்கொள்கிறார்கள், இதைத் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் விதிப்புத்தகத்திலேயே விலைமதிப்புள்ள வரி இதுதான். ஆவணியில் சங்கம் ஐம்பதாயிரம் கொடுத்தால் தையில் மச்சான் களத்தில் நின்று வாயைத் திறப்பார்.

15 பிப்ரவரி 2025

"அப்படியானால் எல்லாச் சங்கமும் முத்திரை வாங்கிவிடலாமே?" இங்கேதான் சிக்கல்.

முத்திரை வாங்கிய சங்கம் தன் காப்பி முழுவதையும் அந்த விலைக்கு விற்க முடியாது. முத்திரையோடு வாங்க ஆள் வேண்டும். ஆள் வாங்காத மீதியைச் சாதாரண காப்பியாகத்தான் தள்ளிவிட வேண்டும். விலை விழுந்த வருஷத்தில் எல்லாச் சங்கமும் முத்திரையின் கீழ் விற்கப் பார்க்கும், வாங்குகிறவர்கள் அதே ஆட்கள்தான். மேலே 32,000 என்று போட்டேனே, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் முத்திரையோடு போனது என்றால் அது 10,700 ஆகிவிடும்.

குவாத்தமாலா சங்கங்களின் பல வருஷக் கணக்கை எடுத்துவைத்துக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2015ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சந்தையில் ஆதாயம் தெரியும்போதெல்லாம் புதிய சங்கங்கள் முத்திரைக்கு வந்து குவிகின்றன, ஒவ்வொருவரும் முத்திரையோடு விற்கிற பங்கு சுருங்குகிறது, முத்திரைக்காகச் செய்த செலவைக் கழித்தால் கையில் நிற்பது மிகக் கொஞ்சம் என்பது அவர்கள் கண்டது. படித்தபோது மனசு கனத்துப்போனது. யாரும் திருடவில்லை, வாசல் சின்னது, அவ்வளவுதான்.

மச்சான் ஊரிலும் ஒரு முயற்சி நடந்தது. முப்பத்தைந்து குடும்பம் சேர்ந்தார்கள், பதிவேடு எழுதினார்கள், எந்த மருந்து அடிக்கக் கூடாது என்று பயிற்சி எடுத்தார்கள். வாங்குவதாகச் சொன்ன நிறுவனம் இரண்டாம் வருஷம் போனை எடுக்கவில்லை. பதிவேடுகள் இன்னும் அக்கா வீட்டுப் பரணில் இருக்கின்றன. முத்துமுத்தான கையெழுத்து, என்றைக்கு எந்தச் செடிக்கு என்ன உரம் என்று. அதை எடுத்துப் பார்த்தால் அழுகை வரும்.

16 பிப்ரவரி 2025

கடற்கரையில் காப்பிக்கொட்டை கெட்டுப்போகாதா என்று கேட்டிருக்கிறார் ஒரு அம்மா. கெடும். மண்டபத்தில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். சாக்கில் வைத்தால் பத்து நாளில் கொட்டை வெளுத்துத் துவண்டுபோகும், வறுத்தால் சாக்கு வாடை அடிக்கும். நான் மூடி இறுக்கமான நீலப் பீப்பாயில் வைக்கிறேன், உள்ளே வறுத்த உப்புத் துணிமுடிச்சு. மாதத்துக்கு 40 கிலோவுக்கு மேல் இறக்குவதில்லை. மீதி மச்சான் வீட்டு மச்சிலேயே இருக்கும். மலைக்குளிரில் ஓட்டோடு இருந்தால் ஆறு மாதம் அசையாது.

வயநாடு, கண்ணூர்ப் பக்கம் காப்பி, மிளகு, முந்திரி எல்லாம் சேர்த்து முத்திரையோடு விற்கும் சிறு விவசாயிகள் கூட்டமைப்பு இருக்கிறதே என்றும் ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உண்மை, ஃபேர் ட்ரேட் அலையன்ஸ் கேரளா. ஆயிரக்கணக்கான குடும்பங்கள். காப்பியை மட்டும் நம்பாமல் பல விளைபொருளைச் சேர்த்தது அவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். ஒன்று விழுந்தால் ஒன்று தூக்கும்.

23 பிப்ரவரி 2025

இத்தனை நாள் மச்சானைப் பற்றியே எழுதினேன். பறிப்பவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நேற்று கடைக்கு வந்த ஒரு தங்கச்சி, மொபைலில் இதையெல்லாம் படித்துவிட்டு, "கூலிக்குப் போறவுகளுக்கு என்னண்ணே வருது" என்று கேட்டாள். அவள் சாயல்குடிப் பக்கத்து மிளகாய்க் காட்டில் பழம் பறித்து வளர்ந்தவள்.

காப்பிப் பழம் ஒரே நாளில் சிவக்காது. ஒரே கொத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். காம்போடு பிய்த்தால் செடிக்குக் கேடு. மூன்று நாலு சுற்றுப் பறிக்க வேண்டும். இடுப்பில் கூடை, சரிவில் கால், அட்டை கடிக்கும். நல்ல ஆள் ஒரு நாளைக்கு 40 கிலோ பறிப்பார். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தக் கொட்டை என்றால் மச்சான் தோட்டத்துக்கு 2,100 கிலோ பழம், ஐம்பது ஆள்கூலிக்கு மேல். அக்காவும் மச்சானும் பாதி பறிப்பார்கள், மீதி கூலிக்கு.

கோஸ்டாரிக்காவின் காப்பியைப் பற்றி 2022ல் வெளிவந்த ஆய்வு ஒன்று முத்திரைக்குச் சாதகமானது. விலை குறைந்த காலத்தில் முத்திரை உள்ள இடத்தில் தோட்டக்காரர் வருமானம் கூடுகிறது, இடைத்தரகர் பங்கு குறைகிறது. ஆனால் பறிக்கிற கூலியாட்களுக்கு ஆதாயம் தெரியவில்லை. எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் லண்டன் ஸோவாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்டது இன்னும் கடுமை: முத்திரைச் சங்கங்கள் இருந்த பகுதிகளில் கூலி மற்ற பகுதிகளை விடக் குறைவு என்றார்கள். பெரிய தோட்டங்களோடு சிறு சங்கங்களை ஒப்பிட்டது சரியில்லை என்று முத்திரை அமைப்பு பதில் சொன்னது. அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஏக்கர்க்காரரும் கூலியாளும் பக்கத்துப் பக்கத்து வீட்டு ஏழைகள். ஆனாலும் அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லாமல்தான் காப்பித்தூளை மடித்துக் கொடுத்தேன்.

24 பிப்ரவரி 2025

நேற்று இரவு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். இந்த வருஷம் மூட்டை 27,000க்குப் போனதே, பறிப்புக் கூலி கூட்டினீர்களா? அக்கா உடனே சொன்னாள், "நானூறுல இருந்து நானூத்தி அம்பது." விலை ஏழாயிரத்திலிருந்து 27,000. விலை ஏழாயிரமாக இருந்த 2019ல் கூலி எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். "முந்நூறு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "கடன் அடைக்கணும்ல தம்பி" என்றாள். அக்கா பொய் சொல்கிறவள் இல்லை, கல்நெஞ்சுக்காரியும் இல்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

2 மார்ச் 2025

புவிசார் குறியீடு பற்றிக் கேட்டவருக்கு. 2019ல் குடகு அரபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு ஆகிய ஐந்து காப்பிகளுக்குக் கிடைத்தது. எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல். அது நியாய வணிக முத்திரை மாதிரி இல்லை; இன்ன ஊரில் விளைந்தது என்ற பெயருக்குக் காவல், விலைக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.

அப்பாவுக்கு இரண்டு குறுக்கம் நிலத்தில் முண்டு மிளகாய் உண்டு. குறியீடு வந்த வருஷம் பெருமையாகப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூட்டையோடு சந்தைக்குப் போனார். கமிஷன் கடையில் அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நிறம் பார்த்தார்கள், குலுக்கி விதைச் சத்தம் கேட்டார்கள், சொத்தைக்கு இவ்வளவு என்று கழித்தார்கள். ஆனால் பக்கத்து ஊரில் இயற்கை முறையில் விளைவித்துக் குழுவாகச் சேர்ந்து, தாங்களே தரம் பிரித்து வெளியே அனுப்புகிறவர்களுக்குப் பெயர் உதவுகிறது. அவர்களிடம் எடை மேடையும் சேமிப்பு அறையும் இருக்கின்றன. அப்பாவிடம் சைக்கிளும் சாக்கும்தான்.

9 மார்ச் 2025

நீ என்ன விலை கொடுக்கிறாய் என்று நேராகக் கேட்டிருக்கிறார் முதல் கேள்வி கேட்டவர், அந்தத் தம்பியின் அண்ணன். நியாயமான கேள்வி.

இந்த வருஷம் மச்சானுக்குச் சுத்தக் கொட்டை கிலோ 720 கொடுத்தேன். வறுத்தால் ஒரு கிலோ 830 கிராமாகும். ஆக வறுத்த கொட்டை கிலோவுக்கு 870 ரூபாய் அடக்கம். கரண்ட், வாடகை, பை எல்லாம் சேர்த்து 960. சுத்தத் தூள் 1,080க்கு விற்கிறேன். மண்டபத்தில் அந்த விலைக்கு வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். பெரும்பாலும் 70க்கு 30 சிக்கரி கலந்ததுதான் போகும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்தது என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். கேட்டவர் தன் பாக்கெட்டில் அந்த வரியைப் பார்க்கட்டும். காப்பியே பாதிதான் என்றால் விவசாயிக்குப் போவதும் பாதிதான்.

720 சந்தையை விடப் பெரிய விலை ஒன்றும் இல்லை. இத்தனை நாள் அதை நேர்மையான விலை என்று நினைத்திருந்தேன். ஆனால் பணம் கொடுத்தது தையில், கொட்டை கைக்கு வந்த பிறகு. ஆவணியில் கொடுத்தது வியாபாரி. அதனால் மச்சானின் மீதி விளைச்சல் இன்னும் அவருக்குத்தான் போகிறது, அவர் கழிவோடு. இந்த இழையில் எழுதி எழுதித்தான் இது எனக்கே உறைத்தது.

30 மார்ச் 2025

தாண்டிக்குடி போய் வந்தேன். பத்து நாள் முன்னால், காப்பியைப் பூக்கவைக்கும் பூமழை பெய்திருந்தது. மலை முழுக்க வெள்ளை, மல்லிகை வாசம். மச்சானும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரும் களத்தில் உட்கார்ந்து பேசினோம். முத்திரைக்கு இப்போது போக வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்று. நாலு பேர் சங்கம் தணிக்கைக் கட்டணம் தாங்காது.

முடிவானது: ஆவணி முதல் வாரம் நான் ஆளுக்கு 40,000 முன்பணம். என்னால் முடிந்தது நகைக்கடன் போட்டு அவ்வளவுதான். நாலு பேரும் சேர்ந்து ஈரம் அளக்கும் கருவி ஒன்றும், சரிபார்த்த தராசு ஒன்றும் வாங்குவது. அக்கா எழுந்து வந்து, "பறிப்புக்கு வர்ற பொம்பளைகளுக்கு ஐந்நூறு" என்றாள். மூன்று பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சரி என்றார். மற்ற இருவரும் பறிப்பு வரட்டும் பார்ப்போம் என்றார்கள்.

14 டிசம்பர் 2025

இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். கேட்டவர்கள் இன்னும் இருக்கிறீர்களா என்று தெரியாது.

மச்சானின் முதல் ஆறு மூட்டை காய்ந்தது. பழைய வியாபாரியின் ஆளும் வந்திருந்தார். இரண்டு மூட்டை அவருக்கென்று வைத்திருந்தோம், உறவை வெட்டிக்கொள்ள வேண்டாம் என்று. வழக்கம்போலக் கொட்டையை எடுத்துக் கடித்தார், ஈரம் என்றார். மச்சான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கருவியை எடுத்துவந்தார். அதே மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டார். 10.2 காட்டியது. பார்ச்மென்ட்டுக்கு 10 சதவீதம் என்பது அவருக்கும் தெரியும். இன்னொரு மூட்டையில் போட்டுப் பார்க்கச் சொன்னார். 10.1.

இரண்டு கிலோ கழிக்கவில்லை. சாக்கைத் தனியாக நிறுத்து, 600 கிராம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அக்கா வீட்டில் பறிப்புக் கூலி ஐந்நூறு ஆகிவிட்டது, இன்னொரு தோட்டத்திலும். மற்ற இரண்டு தோட்டத்திலும் இன்னும் நானூற்றைம்பதுதான். நாளை ஊருக்குத் திரும்புகிறேன், பீப்பாய்க்கு 40 கிலோவோடு.